அம்மா மெலிந்தது வயதால் அல்ல

ஜனவரியில் லண்டனிலிருந்து மூன்று வாரம் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. போன வருடம் தைத்த ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "73 வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். படபடப்புக்கென்று பக்கத்து கிளினிக் ஒன்றில் மாத்திரையும் சத்து டானிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஏழு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. வாராவாரம் வீடியோவில் பேசிய எனக்கும் தெரியவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாளையங்கோட்டையில் நண்பன் சொன்ன ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். டோக்கன் 41, இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் உள்ளே போனபிறகு அவர் அவசரப்படவே இல்லை. முழுதாக ஒரு நிமிடம் நாடி பிடித்தார். 128 துடிப்பு, அதுவும் தாறுமாறாக. கையை நீட்டச் சொல்லி விரல் நடுக்கம் பார்த்தார். தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயே ஈசிஜி. மறுநாள் காலை ஆறரைக்கு லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்: டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், 0.01. சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. இவ்வளவு குறைந்திருந்தால் பெரும்பாலும் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று அர்த்தம்.

தைராய்டு அதிகமானால் இளவயதில் பசி கூடும், வியர்க்கும், கை நடுங்கும். வயதானவர்களுக்குப் பல நேரம் சோர்வும் மெலிவும் இதயத் தொந்தரவும் மட்டும்தான் வெளியே தெரியும் என்றார் டாக்டர். அம்மாவுக்குப் பசியே இல்லை. ஹார்மோன் விரட்டுகிற வேகத்தில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே அதிரும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு டிஎஸ்ஹெச் 0.1-ஓ அதற்கும் கீழோ இருந்தால், 10 ஆண்டுகளுக்குள் இந்தத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1994-லேயே காட்டியிருக்கிறது.

தைராய்டு சுரப்பைக் குறைக்கக் கார்பிமசோல், துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. தைராய்டு அடங்கினால் பலருக்குத் துடிப்பும் தானாகவே சீராகிவிடுமாம். கார்பிமசோல் சாப்பிடும்போது தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் மாத்திரை டப்பா மேல் ஒட்டியிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் வசதியைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் இந்த ரத்தப் பரிசோதனைக்கே முதலில் ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டும். இங்கே ஒரே நாளில் முடிந்தது. ஆனால் பழைய சீட்டு எதையும் யாரும் எடுத்து வைப்பதில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு, எதிர்வீட்டு அத்தை மகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தினமும் சாயங்காலம் அவள்தான் நாடி எண்ணி அனுப்புகிறாள். நேற்று 82. அடுத்த ரத்தப் பரிசோதனை மார்ச் முதல் வாரம்.