நுரையீரலுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: டர்பன் தனியார் நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

டர்பனின் வடபகுதியில் இயங்கும் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்று, செப்சிஸினால், அதாவது தொற்றுக்கு எதிராக உடலே கட்டுமீறிப் போராடி உறுப்புகளைக் கெடுக்கும் நிலையால், நுரையீரல் பாதிக்கப்பட்டு மீண்டவர்களுக்கு ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறவல்ல மூலச் செல்) செலுத்துவதாக விளம்பரம் செய்துவருகிறது. செப்சிஸ் முற்றி வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து, இன்னமும் சாட்ஸ்வொர்த்தின் மேட்டுத் தெருவில் இரண்டு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும் என் மைத்துனர் அந்த விளம்பரத்தைக் கோயில் வாட்ஸ்ஆப் குழுவில் கண்டதால், ஆலோசனைக்கு அவருடன் நானும் சென்றேன். சிகிச்சையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே இம்மதிப்புரை ஆலோசனையையும், அங்கே கொடுத்த தாள்களையும் மட்டுமே பற்றியது.

உபசரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறித்த நேரத்தில் உள்ளே அழைத்தார்கள். ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சளவுச் சோதனையை எடுத்த செவிலி, "அவசரமே இல்லை அங்கிள், மூச்சை நல்லா இழுத்துட்டு ஊதுங்க" என்று சலிக்காமல் மறுபடி மறுபடி ஊதவைத்து, அளவுகளின் பொருளையும் விளக்கினார். அந்தச் சோதனை ஒன்றுக்காகவாவது ஆலோசனைக் கட்டணம் வீண்போகவில்லை எனலாம்.

சிக்கல் கையேட்டில் தொடங்குகிறது. செலுத்தப்படும் செல்கள் "புதிய நுரையீரல் திசுவாக வளரும்" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுக்கப்படும் மெசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களை இரத்தநாளம் வழியே ஏற்றினால், பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு, சில நாட்களுக்குள் மறைந்துவிடுகின்றன. அவை திசுவாக மாறுவதில்லை. ஆய்வாளர்களுக்கு நம்பிக்கை ஊட்டியது, மறைவதற்குள் அவை சுரக்கும் பொருள்கள்தாம். கட்டுமீறிய அழற்சியைத் தணிப்பது, கிருமிகளைக் கொல்லும் புரதத்துண்டுகளை வெளியிடுவது, இரத்தக்குழாய்ச் சுவரின் கசிவை அடைப்பது என்று விலங்குச் சோதனைகளில் அவை நன்றாகவே வேலை செய்தன. இவை யாவும் நோய் உச்சத்தில் இருக்கும் நாட்களுக்கு உரியவை. மாதங்கள் கழிந்து தழும்பேறிய நுரையீரலுக்கு இதை விற்பது, எரிகிற வீட்டுக்கான தண்ணீரை எரிந்து முடிந்த வீட்டின்மேல் ஊற்றிக் கூலி கேட்பது போன்றது.

உச்சத்தில் இருந்த நோயாளிகளிடமும் முடிவுகள் இன்னும் தெளிவாக வரவில்லை. அமெரிக்காவில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவ மையங்களில், கடும் நுரையீரல் செயலிழப்புக்கு ஆளான 60 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், சிகிச்சை பாதுகாப்பானது என்று தெரிந்ததே தவிர, 28 நாள் இறப்பு குறையவில்லை. செல் பெற்றவர்களில் 30 சதவீதமும் பெறாதவர்களில் 15 சதவீதமும் இறந்தனர். செல் பெற்ற குழுவினர் தொடக்கத்திலேயே கூடுதலாக நலிந்திருந்ததாலும், எண்ணிக்கை சிறிது என்பதாலும், அவ்வேறுபாட்டைத் தீங்கு என்று கொள்ள இயலாது. கோவிட் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை ஒன்று, இறப்பைக் குறைக்கும் இலக்கை எட்டாது என்று இடைக்கணிப்பில் தெரிந்ததும், 2020 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கையேடு பெருமையோடு குறிப்பிடும் 2024 டிசம்பர் அமெரிக்க அனுமதியோ, எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் குழந்தைகளுக்கு நேரும் ஒரு சிக்கலுக்காகத் தரப்பட்டது. நுரையீரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒப்புதல் படிவத்தையும் வரிவரியாகப் படித்தேன். மருத்துவர் வாய்மொழியாக, "உங்கள் சொந்தச் செல்தான், மருந்தே அல்ல, ஆகவே சாஃப்ராவின் பதிவு வேண்டியதில்லை" என்றார். சாஃப்ரா என்பது தென்னாப்பிரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை ஆணையம். படிவத்தின் இரண்டாம் பக்கத்திலோ "தானமாகப் பெற்ற தொப்புள்கொடி" என்று இருந்தது. அளவு 5 கோடி செல்கள். மேலே சொன்ன அமெரிக்கச் சோதனையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கோடி செல்கள் கொடுத்தார்கள்; 70 கிலோ எடையுள்ள என் மைத்துனருக்கு அக்கணக்கில் 70 கோடி வேண்டும். உறைநிலையிலிருந்து எடுத்த பின் எத்தனை சதவீதம் செல்கள் உயிரோடு இருக்கும் என்பதற்கான கட்டத்தில் எதுவும் நிரப்பவில்லை. அது சில்லறை விஷயமன்று: அதே சோதனையில், தேர்ந்த ஆய்வகங்களின் கையிலேயே அந்த விகிதம் 36 முதல் 85 வரை ஏறி இறங்கியது. விலைக் கட்டம் மட்டும் பிசகில்லாமல் நிரம்பியிருந்தது: ஒருமுறைக்கு 85,000 ரேண்டு, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஏற்காது, முன்பணம் திரும்பாது.

செல்கள் மீது எனக்கு வெறுப்பு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில், முறையான சோதனையில் சேரும் வாய்ப்பு வந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இலவசச் சிகிச்சையும் இருக்கும்பட்சத்தில், குடும்பத்தார் யோசிக்கலாம். இதுவரை உயிர் காத்தவை எளிய முறைகளே: வென்டிலேட்டரில் ஒரு மூச்சின் அளவைக் கிலோவுக்கு 12 மில்லியிலிருந்து 6 மில்லியாகக் குறைத்ததில் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைப்பதன் பயனை 2013-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நிறுவினர்.

ஐந்துக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். அதுவும் அந்தச் செவிலிக்காக. மைத்துனர் இப்போது சுவாசப் பயிற்சிக்காக ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்வருகிறார். அந்த நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும் என்போர், செல்லின் மூலம், உயிருள்ள செல் விகிதம், சாஃப்ரா பதிவு எண் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுவது நல்லது.