பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்கள்: என்52, என்54, என்55, பி58 – எதை நம்பி வாங்கலாம்?

செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் இந்த இன்ஜின்களில் எதற்கும் இழுவையில் குறை கிடையாது. அதனால் அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. எந்தப் பாகம் முதலில் போகும், போனால் இன்ஜினையும் சேர்த்துக் கெடுக்குமா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், பழைய மூன்றில் சக்தி குறைந்த என்52 முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். என்52 வந்தது 2004-ல். 2,996 சி.சி., டர்போ கிடையாது. 330ஐ காரில் 258 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க். 2006-ல் 335ஐ கூப்பேயோடு வந்தது என்54: 2,979 சி.சி., இரண்டு சிறிய டர்போ, 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். 2009-ல் 5 சீரிஸ் கிரான் டூரிஸ்மோவில் அறிமுகமான என்55-க்கும் அதே சி.சி., அதே 306, அதே 400. டர்போ மட்டும் ஒன்றே ஒன்று. 2015-ல் 340ஐ காரில் வந்த பி58 2,998 சி.சி., 326 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர்.

காகிதத்தில் பார்த்தால் என்54-க்கும் என்55-க்கும் வித்தியாசமே தெரியாது. பானெட்டைத் திறந்து வேலை பார்க்கிறவருக்குத்தான் இரண்டும் எவ்வளவு வேறு என்று தெரியும்.

அதற்கு முன் பழைய மூன்றுக்கும் பொதுவான இரண்டு நோய்களைச் சொல்லியாக வேண்டும். இவற்றைக் கவனிக்காமல் விட்டதால் செத்த இன்ஜின்கள் ஏராளம்.

முதலாவது வாட்டர் பம்ப். பெல்ட்டில் சுற்றும் வழக்கமான பம்பை எடுத்துவிட்டு, என்52-லிருந்து மின்சார பம்ப் வைத்தார்கள். யோசனை நல்லதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பம்ப் வீணாகச் சுற்ற வேண்டாம். வண்டியை நிறுத்திய பிறகும் டர்போவைக் குளிர்விக்கலாம். ஆனால் பழைய பம்ப் கசியும், சத்தம் போடும், முன்கூட்டியே ஏதாவது அறிகுறி காட்டும். மின்சார பம்ப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் நின்றுவிடும். இ90 தலைமுறை 3 சீரிஸில் கூலன்ட் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. டேஷ்போர்டில் விளக்கு எரியும்போதே சூடு ஏறியிருக்கும். அந்த நேரத்தில் "வீடு பக்கம்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்று நினைத்தால், சிலிண்டர்களுக்கு மேலே மூடியிருக்கும் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். 1 லட்சம் கிலோமீட்டர் நெருங்கிய வண்டியில் பம்ப் மாற்றிய பில் இல்லையென்றால், விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழித்துக் கொள்ளுங்கள். மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், இன்ஜினுக்குக் கீழே இருப்பவை. ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுப்பானேன்?

இரண்டாவது, ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட். கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் கேஸ்கெட். சூட்டில் கிடந்து கிடந்து பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போகும்; பிறகு ஆயில் கசியும். டார்ச் அடித்து ஃபில்டர் மூடிக்குக் கீழே, ஹவுசிங் பிளாக்கோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஈரமும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "கொஞ்சம் ஆயில் லீக்தான் சார், எல்லா பிஎம்டபிள்யூவிலும் இருக்கும்" என்று விற்பவர் சொல்வார். ஆனால் ஒழுகும் ஆயில் எங்கே விழுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நேராகக் கீழே ஓடும் பெல்ட்டில் விழுகிறது. ஆயிலில் ஊறிய பெல்ட் புல்லியை விட்டு நழுவி, கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, முன்பக்க ஆயில் சீலைக் கிழித்து உள்ளே போயிருக்கிறது. கிழிந்த பெல்ட் நார்கள் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கி ஆயில் உறிஞ்சும் குழாயை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் போகாது. சில நூறு ரூபாய் ரப்பரைக் காலத்தில் மாற்றாததற்கு முழு இன்ஜினையும் விலையாகக் கொடுப்பது என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம்.

வால்வ் கவர் கேஸ்கெட்டும் கசியும். சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகக் கருகிய ஆயில் வாடை வந்தால் அதுதான். என்55-ல் பிளாஸ்டிக் கவரே விரிசல் விடும். வாயு வெளியேற்றும் வால்வும் அதற்குள்ளேயே இருப்பதால் கவரை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும்.

இனி என்54. சர்வதேச அளவில் சிறந்த இன்ஜின் விருதை 2007, 2008 இரண்டு ஆண்டுகளும் வாங்கியது இதுதான். ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும். 1,300 சுற்றிலேயே முழு டார்க்கும் வந்து நிற்கும். ஆனால் எரிபொருள் ஏற்பாடு இதன் பெரிய பலவீனம். உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் அத்தனை வண்டிகளில் போனதால், 2010 அக்டோபரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,30,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பதும், முந்தும்போது திடீரென்று இழுவை செத்துப் போவதும் இதன் அடையாளம். அடுத்தது, பெட்ரோலைப் பீய்ச்சும் பீசோ இன்ஜெக்டர்கள் (மின்சாரம் பட்டதும் விரியும் படிகத்தால் இயங்குபவை). இவற்றைப் பலமுறை திருத்தி வெளியிட்டார்கள். கசியும் இன்ஜெக்டர் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினை உதறவைக்கும், புகை விடும். விலை அதிகம், மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் அளவுக் குறியீட்டையும் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

டர்போவிலும் சிக்கல் உண்டு. டர்போவுக்குத் தேவைக்கு மேல் வரும் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு தொங்கும் புஷ் தேய்ந்து ஆட்டம் காணும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து விடும்போது தகரம் அதிர்வது போன்ற கிறுகிறு சத்தம் வரும். முதலில் வெறும் சத்தம்தான். ஆட்டம் கூடிக் கதவு சரியாக மூடாதபோது பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறைந்து 30எஃப்எஃப் என்ற எரர் கோடு ஸ்கேனரில் வரும். அதற்கு மேல் ஒன்றுக்கு இரண்டாக டர்போ மாற்ற வேண்டும். அதனால் என்54 வண்டி பார்க்கப் போகும்போது "இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என்55 இந்தத் தலைவலிகளில் பாதியைக் குறைத்தது. பீசோவுக்குப் பதில் மின்காந்தத்தால் திறக்கும் எளிய, விலை குறைந்த சோலினாய்டு இன்ஜெக்டர். இரண்டு டர்போவுக்குப் பதில், புகையை இரண்டு தனி வழிகளில் வாங்கும் ட்வின் ஸ்க்ரோல் டர்போ ஒன்று. இன்டேக் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மாற்றும் வால்வ்ட்ரானிக்கும் சேர்ந்ததால் கால் வைத்ததும் கிடைக்கும் பிக்கப் மென்மையாக வரும். குறை இல்லாமலில்லை. கேம் ஷாஃப்டில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் யூனிட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்தோ உடைந்தோ போகலாம் என்று 2014-ல் ஒரு ரீகால் வந்தது. 2010 முதல் 2012 வரையிலான மாடல்கள் அதில் அடங்கும். என்52-உம் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வேலை முடிந்த வண்டியா என்று சேஸி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்54, என்55 இரண்டிலும் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால், வால்வுத் தண்டைச் சுற்றி அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கரி ஏறியிருக்கும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். ஐடிலில் இன்ஜின் உதறினால் காயில், பிளக் பார்த்த கையோடு இதையும் பாருங்கள்.

என்52-ல் இந்தத் தொல்லை கிடையாது. பெட்ரோல் வால்வுக்கு வெளியே, பழைய முறையில் தெளிக்கப்படுகிறது. உயர் அழுத்த பம்ப் இல்லை, டர்போ இல்லை, இன்டர்கூலர் குழாய் இல்லை. இல்லாத பாகம் கெடாது. இந்த இன்ஜினின் மொத்த பலமும் அதுதான். 7,000 சுற்று வரை இழுபடாமல் ஏறும் அந்த ஓட்டம் டர்போ வண்டிகளில் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். ஆரம்ப கால வண்டிகளில், வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் டிக் டிக் என்று அடிக்கும், குறிப்பாகச் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில். காதுக்கு எரிச்சல், மற்றபடி பயமில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: பிளாக்கின் வெளிப்பகுதி மக்னீசியம் கலவை. அதில் இரும்பு போல்ட் போட்டால் அரிக்கும் என்பதால் அலுமினிய போல்ட் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை கழற்றினால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். பழைய போல்ட்டையே திரும்ப முறுக்கும் பட்டறை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஆயில் விஷயத்திலும் ஒரு வார்த்தை. வண்டியின் கம்ப்யூட்டர் 20,000 கிலோமீட்டருக்கு மேலும் ஆயில் மாற்றச் சொல்லாமல் ஓடவிடும். அதில் பாதி தூரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. இ90 வண்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது. அளவை ஸ்கிரீனில்தான் பார்க்க முடியும், அதனால் பலர் பார்ப்பதே இல்லை.

ஆக, தினமும் ஓட்ட, பல வருடம் வைத்துக்கொள்ள என்றால் என்52. டர்போ வேகம் வேண்டும், ஆனால் நிம்மதியும் வேண்டும் என்றால் என்55. சாஃப்ட்வேர் மாற்றி 400 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்ற ஆசைப்படுகிறவருக்கு என்54. அடித்து வார்த்த (ஃபோர்ஜ்டு) அதன் கிராங்க் ஷாஃப்ட் அதைத் தாங்கும். ஆனால் இன்ஜெக்டருக்கும் டர்போவுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

கையில் பணம் இருந்தால் பி58 இந்த மூன்றையும் தாண்டிவிடும். க்ளோஸ்டு டெக் பிளாக் (சிலிண்டர்களைச் சுற்றி மேல்பக்கம் மூடி வலுவாக்கியது), பழையபடி பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப், இன்டேக்கிலேயே பொருத்திய நீர்க்குளிர்ச்சி இன்டர்கூலர் என்று முந்தைய பாடங்களெல்லாம் இதில் வேலை செய்திருக்கின்றன. 2019 சூப்ராவுக்கு டொயோட்டா எடுத்துக்கொண்டதும் இந்த இன்ஜினைத்தான். சென்னை ஆலையில் பூட்டப்படும் எம்340ஐ 2021-ல் 387 குதிரைத்திறனோடு வந்தது இதை வைத்துத்தான். கூலன்ட் அளவு மெல்லக் குறைவது, ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கசிவு ஆகிய இரண்டையும் இதிலும் பார்க்க வேண்டும். டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. அது தொல்லை கொடுப்பது அபூர்வம், கொடுத்தால் கியர்பாக்ஸை இறக்காமல் தொட முடியாது. வாரன்டி முடியும் முன் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி இவற்றைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.