ஈராஸ் பாடம்: வகுப்பறையா, பொம்மையா, வார்டா?

அமெரிக்காவில் மயக்க மருந்துச் செவிலியர் படிப்பில் 2022 முதல் சேருகிறவர்கள் முனைவர் நிலையில்தான் சேர வேண்டும். குடல் அறுவைக்குப் பின் நோயாளியைச் சீக்கிரம் தேற்றும் ‘ஈராஸ்’ முறையை இவர்களுக்கு எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

வகுப்பறையில் வைத்தால் பட்டியல் மனதில் ஏறும். திட உணவு மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை, தெளிந்த பானம் 2 மணி நேரம் முன்பு வரை. மூக்கு வழிக் குழாயை வழக்கமாகப் போட்டு வைக்கக் கூடாது. ஓபியாய்டை, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்தை, குறைக்க வேண்டும். நரம்பு வழி ஏற்றும் சலைனையும் குறைக்க வேண்டும். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் தொடங்கிவைத்த கதையையும் சொல்லிவிடலாம். தேர்வுக்கு இது போதும். ஆனால் ‘சலைனைக் குறை’ என்ற ஒற்றை வரியை வேதவாக்காகப் பிடித்துக்கொள்வார்கள். சுமார் 3,000 பேரைச் சேர்த்த ‘ரிலீஃப்’ ஆய்வில் (2018) சலைனை ரொம்ப இறுக்கிய பிரிவில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் அடிவாங்கியது. தாராளமாகக் கொடுத்த பிரிவில் 5 சதவீதம்தான்.

எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற நிதானம் சிமுலேஷன் அறையில்தான், நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்துத்தான் பழகும். எபிடியூரல் மருந்து (முதுகு வழியே போடும் மரப்பு மருந்து) போட்ட பத்தாவது நிமிடம் பொம்மையின் ரத்த அழுத்தம் 80/45 ஆக இறங்கும். மாணவியின் கை நேராக சலைன் ஓட்டத்தைக் கூட்டும் உருளைக்குப் போகும். அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்: உடம்பில் நீர் குறைந்ததா, ரத்தக் குழாய் தளர்ந்ததா? தளர்ச்சி என்றால் ரத்தக் குழாயை இறுக்கும் ஃபினைலெஃப்ரின்தான் சரி; ஒரு லிட்டர் சலைனை ஓடவிட்டால் குடல் சுவர் வீங்கும். இந்தத் தடுமாற்றத்தை எந்த ஸ்லைடும் கொடுக்காது. செலவு கூடுதல்தான், ஆனாலும் தகும்.

வார்டுக்கு அனுப்புவதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. மயக்க மருந்து மாணவர் பார்வை ரெக்கவரி அறையோடு முடிந்துவிடுகிறது. தான் கொடுத்த ஃபெண்டனில் என்ற ஓபியாய்டும் திரவமும் வேலையைக் காட்டுவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, நடக்க மறுக்கும் ஒருவரின் கட்டிலருகே நின்று, அன்றைய மயக்க மருந்துத் தாளை மறுபடி புரட்டுவது தனிப் பாடம். ஒரே நோயாளியை வைத்து முடிவுகட்டும் ஆபத்து இதில் உண்டு. குடல் அசையாததற்கு அறுவையும் காரணமாகலாம், வெட்டி இணைத்த குடலின் இணைப்பில் கசிவும் காரணமாகலாம். ஆசிரியர் கூடவே போக வேண்டும்.

என்னைக் கேட்டால், விரிவுரையை வீட்டுப் பாடமாக்கிவிட்டு, அந்த மணி நேரங்களை வார்டுக்குக் கொடுப்பேன். மாணவர் வார்டுக்குப் போனதும், குடல் அசையத் தொடங்கியதா என்று அறிய நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “காற்றுப் பிரிந்ததா?” பொம்மையிடம் அதைக் கேட்க முடியாது.