சுகர் கிளினிக்கிலேயே கண் பரிசோதனை: ஏஐ கேமரா எப்படி இருக்கிறது?

சுகருக்காக வழக்கமாகப் போகும் கிளினிக்கில் இப்போது விழித்திரையைப் படம் எடுத்து, சுகரால் அதில் பாதிப்பு வந்திருக்கிறதா என்று ஏஐ மூலம் ரிசல்ட் சொல்லும் கேமரா வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். சுகர் வந்து பல வருடமாகியும் கண் டாக்டர் பக்கமே போகாதவர்களுக்கு மிகவும் நல்ல ஏற்பாடு, ஆனால் அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் சின்ன விளக்கையே பார்க்க வேண்டும். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், வலி எதுவும் இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு படம்: ஒன்றில் மாகுலா (விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் மையப் பகுதி) நடுவில் வரும், இன்னொன்றில் பார்வை நரம்பு. எனக்கு இடது கண் படம் மங்கலாக விழுந்ததால் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகு மறுபடி எடுத்தார்கள். அதை முன்கூட்டியே சொல்லாததுதான் பெரிய குறை. சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரிசல்ட் சில நிமிடத்தில் வந்துவிட்டது. கண் டாக்டரைப் பாருங்கள், அல்லது ஒரு வருடம் கழித்து வாருங்கள், இரண்டில் ஒன்றுதான் வரும். எனக்கு இரண்டாவது வந்தது. இதை எவ்வளவு நம்பலாம்? டாக்டர் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லும் இந்த மாதிரி மெஷினில் முதலாவதான ஐடிஎக்ஸ்-டிஆருக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. அதற்கான ஆய்வில் 900 பேர் சேர்ந்தார்கள். கவனிக்க வேண்டிய பாதிப்பு இருந்தவர்களில் 87.2 சதவீதம் பேரை மெஷின் பிடித்தது, இல்லாதவர்களில் 90.7 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. அப்படியென்றால் பாதிப்பு உள்ள நூறு பேரில் பதிமூன்று பேர் தப்பிப் போயிருக்கிறார்கள். அதனால் ஒரு தடவை நல்ல ரிசல்ட் வந்தது என்று அடுத்த வருடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்தாலும் பார்வை ரொம்ப நாள் தெளிவாகவே இருக்கும், தானாகத் தெரியவே தெரியாது. நேரத்தோடு பிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. முற்றிய நிலையிலும் லேசர் வைத்தால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறையும் என்று 1976-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது, அப்புறம் மாகுலா வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகளும் வந்தன, அதில் இழந்த பார்வை ஓரளவு திரும்பியவர்கள் நிறைய.

ஆனால் இந்த கேமரா கண் அழுத்தத்தைப் பார்க்காது, கண் புரையையும் சொல்லாது. திடீரென்று கண் முன்னால் கரும்புள்ளிகள் மிதந்தால், திரை விழுந்த மாதிரி இருந்தால், இதற்கு வரிசையில் நிற்காமல் அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே பாதிப்பு இருப்பது தெரிந்தவர்களுக்கும் இது இல்லை. சுகரோடு கர்ப்பமானவர்களும் முதல் மூன்று மாதத்துக்குள் நேராகக் கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இன்னொரு குறை, ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான், படமே இல்லை. கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.