முதல் பிஸ்டலுக்கு .22 போதுமா? ரூகர் மார்க் ஃபோர் 22/45 உடன் சில வருடங்கள்

ரேஞ்சில் சுட்டுப் பழக முதல் பிஸ்டல் வாங்க நினைக்கும் நம் ஆட்கள் டெக்சாஸில் கூடிக்கொண்டே போகிறார்கள். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது வந்து கேட்கிறார்கள்: "நானூறு டாலருக்குள்ள நல்லதா ஒரு 9 எம்எம் சொல்லுங்கண்ணா." பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: மாதத்துக்கு எத்தனை தோட்டா சுடுவதாக உத்தேசம்? அதை யோசித்துவிட்டு வருபவர்கள் குறைவு. பட்ஜெட் பிஸ்டல் என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கைப் போட்டுவிடுவோம். 9 எம்எம், .22 என்பவை தோட்டாவின் குறுக்களவைச் சொல்லும் பெயர்கள், ஒன்று மில்லிமீட்டரில், மற்றது அங்குலத்தில்; .22 தான் சின்னது. நான் இதை எழுதும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் 9 எம்எம் பயிற்சித் தோட்டா, 50 கொண்ட பெட்டி, சுமார் 12 முதல் 15 டாலர். .22 லாங் ரைபிள் தோட்டா (பெயரில் ரைபிள் இருந்தாலும் .22 பிஸ்டலில் போடுவது இதைத்தான்) அதே ஐம்பது 4 முதல் 6 டாலர். ரேஞ்சில் ஒரு மதியத்தில் 200 தோட்டா போவது பெரிய விஷயமே இல்லை. 9 எம்எம் என்றால் ஐம்பது டாலரைத் தாண்டும், .22 என்றால் இருபது டாலரில் முடியும். மாதம் இரண்டு முறை போகிறவருக்கு வருடத்தில் எழுநூறு, எண்ணூறு டாலர் வித்தியாசம். துப்பாக்கி விலையில் நூறு டாலர் குறைந்தது என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்தால், அந்த நூறு இரண்டு மாதத்தில் கரைந்துவிடும்.

.22 எப்போதும் மலிவாகவே கிடைக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2013-ல் கடை அலமாரிகளில் அதைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. 2020, 2021-ல் தட்டுப்பாடு வந்தபோது 9 எம்எம் தோட்டா ஒன்று ஒரு டாலரை நெருங்கியது. அதனால் விலை இறங்கும்போது கொஞ்சம் வாங்கி வைப்பது இங்கே சுடுகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

சரி, .22 என்று முடிவு செய்தாலும் எது? வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். பெரும்பாலான உள்ளரங்க ரேஞ்சுகளில் பத்துப் பதினைந்து டாலரில் இதைச் செய்யலாம். நான் எடுத்துப் பார்த்தவை இரண்டு ரகம். ஒன்று, 9 எம்எம் பிஸ்டலின் உருவத்திலேயே செய்த .22. க்ளாக் 44, டாரஸ் டி.எக்ஸ். 22 இந்த ரகம். டாரஸில் 16 தோட்டா கொள்ளும் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) வேறு. இன்னொன்று குறிபார்த்துச் சுடுவதற்கென்றே பிறந்தவை: பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி, ரூகர் மார்க் ஃபோர். நாளைக்கு க்ளாக் 19 மாதிரி ஒரு 9 எம்எம் வாங்கப் போகிறோம், அதற்கு ஒத்திகை வேண்டும் என்பவர்களுக்கு முதல் ரகம் சரி. காகிதத்தில் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டாவது. நான் இரண்டாவது கூட்டம். ஐந்தரை அங்குல கனத்த பேரல் (குழல்), பிளாஸ்டிக் பிடி, சரிசெய்துகொள்ளும் பின்சைட் (குறிபார்க்க உதவும் பின்பக்க அடையாளம்) உள்ள மார்க் ஃபோர் 22/45 வாங்கினேன். நானூறு டாலரை ஒட்டி வந்தது.

இந்தக் குடும்பத்துக்கு நீண்ட கதை உண்டு. ரூகர் கம்பெனி 1949-ல் கடை திறந்ததே இந்த பிஸ்டலின் மூதாதையை வைத்துத்தான். அன்று அதன் விலை முப்பத்தேழரை டாலர். பிடியின் சாய்வு ஜெர்மன் லூகர் பிஸ்டலைப் போல, உள்ளே போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் உலோகத் துண்டு) ஓடும் விதம் ஜப்பானிய நம்பூ பிஸ்டலைப் போல. மார்க் டூ, மார்க் த்ரீ என்று வளர்ந்து 2016-ல் மார்க் ஃபோர் வந்தது. 22/45 என்ற பெயரில் உள்ள 45, பிடியின் கோணம் பழைய .45 காலிபர் 1911 பிஸ்டலைப் போல இருப்பதால். பின்னால் 1911 மாதிரி ஏதாவது வாங்க நினைப்பவர்களுக்குக் கை பழகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்லைடு இல்லாதது. சாதாரண 9 எம்எம் பிஸ்டலில் ஒவ்வொரு சுடலுக்கும் ஸ்லைடு எனும் மேல்பாகம் முழுவதும் பின்னால் போய் வரும், பின்சைட்டும் அதோடு போய் வரும். இதில் பேரலும் சைட்டும் அசையாமல் நிற்க, உருளை வடிவ போல்ட் மட்டும் உள்ளே ஓடுகிறது. சுட்ட பிறகும் சைட் கண்ணைவிட்டு அதிகம் விலகாது. மேலே ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட்) வைத்தாலும் அது அடி வாங்காது. துல்லியத்தில் பாதி இந்த அமைப்பிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

கல்லூரி என்.சி.சி. முகாமில் தரையில் படுத்து .22 டீலக்ஸ் ரைபிளில் சுட்டவன் நான். பிஸ்டல் வேறு உலகம். ரைபிளைத் தோளும் தரையும் சேர்ந்து தாங்கும். இதைத் தாங்க இரண்டு கைகள்தான். இரண்டு சைட்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்சைட் ஒரு மில்லிமீட்டர் விலகியதும் 15 கெஜ தூரத்தில் தோட்டா ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தள்ளி விழும். அந்த ஒரு மில்லிமீட்டரை அசைப்பது பெரும்பாலும் டிரிக்கரை இழுக்கும் விரல்தான். 9 எம்எம்மில் தொடங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. சத்தமும் உதையும் வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கி, சுடுவதற்கு ஒரு நொடி முன்பே முனையைக் கீழே அழுத்திவிடும். டார்கெட்டில் எல்லாம் கீழே போய் விழும், இவர் பின்சைட்டைத் திருகிக்கொண்டிருப்பார். வழக்கமான 9 எம்எம் தோட்டாவில் பறந்து போகும் குண்டின் எடை 115 கிரெயின் (தோட்டாவுக்கான சின்ன எடை அலகு), .22-க்கு 40 கிரெயின். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதை ஒரு கிலோவை நெருங்கும் பிஸ்டலில் சுட்டால் உதை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. தவறு விரலிலா பிடியிலா என்று பொறுமையாகக் கண்டுபிடிக்க முடியும். 7 கெஜத்தில் தொடங்கி, அங்கே ஒரு எலுமிச்சம்பழ அளவில் துளைகள் அடங்கிய பிறகுதான் 15-க்குப் போனேன். 25 கெஜம் இன்றும் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி .22-இன் தலைவலி. இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை, அடிவிளிம்புக்குள் சுற்றிவர இருக்கிறது. விளிம்பில் எங்காவது அது சரியாகப் பரவாமல் போனால் ஊசி அடித்தும் வெடிக்காது. மொத்தமாகப் பெட்டியில் கொட்டி விற்கும் ஒரு மலிவுத் தோட்டா கொஞ்ச நாள் பயன்படுத்தினேன், பெயர் வேண்டாம். வெடிக்காமல் நின்றவை எண்ணிக்கையில் எரிச்சலூட்டும் அளவுக்கு இருந்தன. பிஸ்டலைக் குறை சொல்லும் முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிக்கு மாறியதும் எனக்கு அந்தத் தொல்லை ஏறக்குறைய நின்றது. நொடிக்கு 1,070 அடி வேகம், ஒலியின் வேகத்துக்குக் கீழே, அதனால் சத்தமும் சற்று மென்மை. சில சிறிய .22 பிஸ்டல்கள் இந்த வேகத்தில் முழுசாக ஓடாமல் மினி மேக் மாதிரி வேகமான தோட்டாவைக் கேட்கும். 22/45 இரண்டையும் தின்கிறது.

வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும். 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அப்புறம்தான் போல்ட்டை இழுத்து வெளியே தள்ள வேண்டும். வழக்கத்தைவிட மெலிதாக 'புஸ்' என்று சத்தம் வந்தால் இன்னும் ஆபத்து: குண்டு பேரலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, ரேஞ்ச் அலுவலரைக் கூப்பிடுங்கள்.

.22 அழுக்கும் அதிகம். கரி, தோட்டாமேல் பூசிய மெழுகு, ஈயத்துகள் எல்லாம் சேர்ந்து போல்ட் முகத்தில் அப்பிக்கொள்ளும். இந்த இடத்தில் மார்க் ஃபோர் தன் முன்னோரிடமிருந்து பிரிகிறது. மார்க் த்ரீ வரை கழற்றி மாட்டுவது பலருக்குச் சிம்மசொப்பனம். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. மார்க் ஃபோரில் பிடியின் பின்பக்கம் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் மேல்பாகம் இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரி மடிந்து கையோடு வந்துவிடும், போல்ட் பின்னால் நழுவி விழும். துடைத்து மாட்டப் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் நான் பேரலுக்குள் பிரஷ் விடுவதில்லை. போல்ட் முகத்தையும், காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியையும் மட்டும் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன், அது போதுமாக இருக்கிறது.

வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் சில. மேகசினில் 10 தோட்டாதான். 22/45-இன் மேகசினும் உலோகப் பிடி மார்க் ஃபோரின் மேகசினும் ஒன்றுக்கொன்று சேராது, கூடுதலாக வாங்கும்போது அட்டையைப் படித்து வாங்குங்கள். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் டிரிக்கர் வேலை செய்யாது. அதைப் பாதுகாப்பு என்று நம்பி, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். மார்க் த்ரீயில் இருந்த, அறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் இதில் இல்லை. டிரிக்கர் ஐந்து பவுண்டுக்குப் பக்கம். இதை மாற்ற வெளிச் சந்தையில் ஏகப்பட்ட பாகங்கள் கிடைக்கும், மனசும் அலையும். நான் கை வைக்கவில்லை. அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கினேன்.

துப்பாக்கியோடு கணக்கு முடிவதில்லை. காதுக்கு நுரைச் செருகி, அதன்மேல் மஃப் (காதை மூடும் உறை), இரண்டும் வேண்டும். .22 சின்னச் சத்தம்தானே என்று சிலர் மஃப் இல்லாமல் நிற்கிறார்கள். பிஸ்டலின் குட்டைப் பேரலில் .22-கூட 140 டெசிபெலைத் தாண்டும், அது காதைக் கெடுக்கும் அளவு. பக்கத்துப் பாதையில் ஒருவர் பெரிய ரைபிளோடு வந்து நின்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி கட்டாயம், சூடான காலித் தோட்டா நம் பக்கமே தெறிக்கும். ஈயத்தைப் பற்றித்தான் நம் ஆட்கள் குறைவாகப் பேசுகிறார்கள். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், தீப்பற்றும் மருந்திலும் ஈயம் உண்டு. காற்றோட்டம் நன்றாக உள்ள ரேஞ்சாகப் பாருங்கள். உள்ளே எதையும் சாப்பிடாதீர்கள். முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு கை, முகம் கழுவுங்கள். போட்டிருந்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

"புள்ள இருக்கற வீட்ல இது எதுக்குங்க?" என்று வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டி பிஸ்டலுக்கு முன்பே வீட்டுக்கு வந்தது. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். பூட்டாமல் வைத்த துப்பாக்கி குழந்தை கையில் கிடைத்தால் டெக்சாஸ் சட்டப்படி அது குற்றம். பெட்டிக்கு ஆகும் காசையும் பட்ஜெட்டில் சேர்த்துத்தான் "நானூறு டாலருக்குள்ள" என்று பேச வேண்டும்.

விசா விஷயம் முக்கியம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் சட்டத்தில் உண்டு, ஆனால் யாரோ சொன்னார்கள் என்று அதில் இறங்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். குடியேற்றக் கோப்பு நடக்கும்போது இதில் விளையாடக் கூடாது. நண்பருக்காக என்று உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது கூட்டாட்சிக் குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். கலிபோர்னியாவில் கடைகள் விற்கக்கூடிய பிஸ்டல்களுக்கே தனிப்பட்டியல் உண்டு.

.22 எதைக் கற்றுத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதையைத் தாங்கி அடுத்த சுடலுக்குச் சைட்டை மீட்டுக் கொண்டுவருவதை இது சொல்லித் தராது. கொஞ்ச காலம் கழித்து ஒரு 9 எம்எம் வாங்கினேன், அதில் முதல் சில நாட்கள் பிடியை மறுபடி பழக வேண்டியிருந்தது. ஆனால் விரல் ஒழுங்கு கூடவே வந்தது. இப்போதும் ரேஞ்சுக்குப் போனால் முதல் நூறு தோட்டா 22/45-இல், கடைசி ஐம்பது 9 எம்எம்மில். ஸ்டீல் சேலஞ்ச் என்ற இரும்புத்தட்டுப் போட்டியில் .22-க்கென்றே தனிப் பிரிவு உண்டு. உறையிலிருந்து எடுத்துச் சுட வேண்டியதில்லை, கையில் தாழ்த்திப் பிடித்தபடி தொடங்கலாம், அதனால் புதியவர்களுக்கு நல்ல வாசல். உள்ளூர்ப் போட்டிகளில் என்னைவிட மூத்த பாட்டிகள் ஐந்து தட்டையும் தட்டிவிட்டுச் சிரிப்பார்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் ஒன்று. 2017 ஜூன் 1-க்கு முன் செய்த மார்க் ஃபோர்களை ரூகர் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. சேஃப்டி (சுடாமல் தடுக்கும் நெம்புகோல்) பாதியில் நிற்கும்போது டிரிக்கரை இழுத்தால், பிறகு சேஃப்டியை நகர்த்தும் நேரத்தில் சுட்டுவிடும் வாய்ப்பு இருந்தது. இலவசமாகச் சரிசெய்து தருவதாகவும் அறிவித்தார்கள். 401 அல்லது டபிள்யூ.பி.ஆர். என்று தொடங்கும் வரிசை எண் என்றால், சரிசெய்த பிஸ்டலா என்று ரூகரின் தளத்தில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். மார்க் த்ரீ மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கலாம், சுடுவதில் அதுவும் சளைத்ததில்லை. கழற்றும் வீடியோவை மட்டும் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுங்கள்.