நெறியாளரும் இயக்குநரும்

திருகோணமலையில் மேடை நாடகத்தை உருவாக்குபவரை நெறியாளர் என்றும், திரைப்படம் எடுப்பவரை இயக்குநர் என்றும் அழைப்பது வழக்கம். இரண்டும் ஒரே தொழில் அல்ல. நெறியாளர் வாரக்கணக்கில் ஒத்திகை நடத்தி நடிகரின் மூச்சையும் நடையையும் செதுக்கினாலும், திரை விலகியதும் முழு ஆட்டத்தையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு, பக்கத்திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியவராகிறார். நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடும் படத்தை எடுப்பவருக்கோ படத்தொகுப்பு முடியும்வரை திருத்தும் வாய்ப்பு உண்டு.

ஆனால் கோணேசர் கோயில் குன்றிலிருந்து கடலில் சூரியன் எழுவதைப் படமாக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். மேகம் மறைத்தால் படப்பிடிப்பு மறுநாளுக்குத் தள்ளிப்போவதுடன் கமரா வாடகையும் ஏறும். அதே விடியலை மேடையில் ஒரு மஞ்சள் விளக்கும் நடிகரின் நிமிர்ந்த பார்வையும் காட்டிவிடும். நடிகரை வளர்க்க விரும்பும் இளையோருக்கு முதலில் மேடையையே பரிந்துரைப்பேன். கூத்தில் ஆடுவோரைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் செய்துவந்ததும், சொல்லப்போனால், நடிகரை வளர்க்கும் அந்த வேலையைத்தான்.