தண்ணீர் புகுந்த பழைய எச்எம்டி: மிஷினைச் சரிசெய்தால் போதுமா, டயலையும் மாற்றணுமா?

அப்பா காலத்து எச்எம்டி ஜனதா ஒன்று தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது என்று வாட்ச் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். "டயல் பெயின்ட் அடிச்சு, கேஸுக்கு முலாம் போட்டு, எல்லாத்தையும் புதுசாக்கிடலாம்" என்பார் ஒருவர். "மிஷினை முழுசாப் பிரிச்சு சர்வீஸ் பண்றேன், டயல் அப்படியே இருக்கட்டும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "வேற மிஷின் ஒண்ணு கிடக்கு, தூக்கி வச்சுடறேன்" என்பார். நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவதைத்தான். அதற்கான முக்கியக் காரணம் டயலில் இருக்கிறது. அதற்குமுன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

மிஷினை மாற்றுவது வேகமான வழி. 1961இல் சிட்டிசனின் கூட்டுறவோடு பெங்களூரில் எச்எம்டி கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. 2016இல் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. இனி புது உதிரி வராது என்றாலும் பழைய மிஷின்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நேரத்தை நிர்ணயிக்கும் மயிரிழைச் சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் துரு ஏறியிருந்தால் இந்த வழியை நானே சொல்வேன். துருவைச் சுரண்டினால் ஸ்பிரிங்கின் தடிமன் மாறிவிடும், அப்புறம் நேரம் ஒருபோதும் நிலைக்காது. ஆனால் கிடந்த மிஷினை எடுத்து வைப்பது சர்வீஸ் ஆகாது. அதிலும் எண்ணெய் காய்ந்துதான் இருக்கும். வைக்கிற மிஷின் அதே காலிபராக, அதாவது அதே மாடலாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேறாக இருந்தால் டயலின் பின்னால் இருக்கும் கால்கள் மிஷினின் துளையில் உட்காராது. கால்களை வெட்டிவிட்டு இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுவார்கள். நாளடைவில் டயல் நகரும், முள் உரசும், வாட்ச் நிற்கும்.

சர்வீஸ் என்ற சொல்லை எதற்கு வேண்டுமானாலும் சொல்கிறார்கள். மூடியைத் திறந்து, மிஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி, ஊதி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுப்பதற்கும் அதே பெயர்தான். அது சில மாதம் ஓடும். கல்துளைகளிலும் மெயின் ஸ்பிரிங் டப்பாவுக்குள்ளும் பழைய பிசின் அப்படியே இருப்பதால் மறுபடி நின்றுவிடும். முறையான வேலையில் மிஷினின் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலுக்கு மேலும் கீழும் உள்ள பாராஷாக் (அதிர்வு தாங்கும்) கற்கள் கழன்று வரும். ஸ்பிரிங் டப்பா திறக்கப்படும். வெளியே எடுத்த மெயின் ஸ்பிரிங் எஸ் வடிவில் விரிய வேண்டும், சுருண்டே கிடந்தால் அதன் பலம் போய்விட்டது என்று பொருள். சுத்தம் செய்யும்போது, சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் கவையான பேலட் ஃபோர்க்கை ஸ்பிரிட்டில் ஊறப்போடக் கூடாது. அதன் இரண்டு கற்களும் அரக்கால் ஒட்டப்பட்டவை, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

எண்ணெய் ஒரே வகை போதாது. வேகமாக ஓடும் சக்கரங்களுக்கு மெல்லிய எண்ணெய், அழுத்தம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டியானது, சாவிப் பகுதிக்கு கிரீஸ். மோபியஸ் 9010, டி5 போன்ற வாட்ச் எண்ணெய்ப் பெயர்கள் மெக்கானிக் வாயில் வந்தால் நல்ல அறிகுறி. அதிகமாக விட்டாலும் ஆபத்துதான். வழிந்த எண்ணெய் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைத்தால் வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தும். காந்தம் ஏறினாலும் இதே கோளாறு வரும் என்பதால் முதலில் காந்தத்தை நீக்கிப் பார்ப்பார்கள்.

வேலை முடிந்ததும், வாட்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் திரையைக் காட்டச் சொல்லுங்கள். இந்த மிஷின் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை துடிக்கும். முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்க வைத்தால் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் வீல் ஆடும் வீச்சு, 250 டிகிரிக்கு மேல் இருந்தால் திருப்தி. 200க்குக் கீழே இருந்தால் எங்கோ அழுக்கோ தேய்மானமோ மிச்சம் இருக்கிறது. பீட் எரர், அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் இடையிலான வித்தியாசம், 1 மில்லி நொடிக்குள் இருக்கட்டும். நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் இந்த வயது வாட்சுக்கு அது குறையே இல்லை.

இனி டயல். மிஷினில் எது கெட்டாலும் இன்னொரு உதிரி தேடிப் பொருத்தலாம். டயலில் ஒருமுறை அழித்தது போனதுதான். பெயின்ட் அடிக்கிறவர் முதலில் பழைய எழுத்தையும் வார்னிஷையும் மொத்தமாக எடுத்துவிடுவார், பிறகு புது நிறம் பூசி எழுத்தை அச்சடிப்பார். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் வேறு கதை. எழுத்துகள் தடித்திருக்கும். தேவநாகரியில் 'ஜனதா' என்று எழுதிய டயலில் எழுத்துக்குள் இருக்கும் சின்ன இடைவெளிகள் மையால் அடைந்திருக்கும். நிமிடக் கோடு மணிக்குறிக்கு நேராக நிற்காமல் ஒரு மயிரிழை விலகியிருக்கும். ஆறு மணிக்கு அடியில் இருந்த பொடி எழுத்து வரி காணாமலே போயிருக்கும்.

விற்கப் போனால் இதுதான் முதலில் கண்ணில் படும். சேகரிப்பாளர்கள் இப்படிப் பூசிய வாட்சுகளை 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். டயல் ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் ஒரு நீர்க்கறையோடு இருக்கும் அசல் ஜனதாவை வாங்கத் தயங்காதவர்கள், பளபளக்கும் பூச்சு டயலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். விற்கிற எண்ணமே இல்லையா? அப்போதும் என் பதில் மாறாது. அந்த முகத்தைத்தானே அப்பா தினம் பார்த்தார்?

சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியால் துடைப்பதையும் தடுத்துவிடுங்கள். அச்சு வார்னிஷுக்கு மேலே இருந்தால் ஒரே துடைப்பில் பெயர் போய்விடும். ஊதுகுழலால் தூசி போக்குவதோடு நிறுத்தச் சொல்லுங்கள். உலோகமே தெரியும் அளவுக்கு டயல் உரிந்து எழுத்தும் அழிந்திருந்தால் மட்டும் பெயின்ட் நியாயம். அதற்கு முன் பெரிதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

கேஸுக்கும் கிட்டத்தட்ட இதே நியாயம்தான். முலாம் பூசிய பித்தளைக் கேஸை பஃபில் (பாலிஷ் சக்கரத்தில்) பிடித்தால் பித்தளை பல்லிளிக்கும். ஸ்டீல் கேஸில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கும். அக்ரிலிக் கண்ணாடியை மட்டும் தயங்காமல் மாற்றுங்கள், அது தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருப்பது. அதை சூப்பர் குளூ வைத்து ஒட்ட விடாதீர்கள். அதன் ஆவி உள்ளே படிந்து டயலில் வெள்ளைப் படலம் விழும்.

இந்தக் கணக்கு சாவி கொடுக்கும் மூன்று முள் வாட்சுக்குத்தான். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃபுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல எனக்குத் துணிவில்லை, உதிரி கிடைப்பதும் கூலியும் அங்கே வேறு. ஒளிரும் பூச்சுள்ள மிகப் பழைய சுவிஸ் வாட்சுகளில் ரேடியம் இருக்கக்கூடும், டயலைச் சுரண்டும் பேச்சே அங்கு வேண்டாம்.

வாட்சைக் கொடுக்கும்போதே ரசீதில் 'டயல் தொடக் கூடாது, கேஸ் பாலிஷ் வேண்டாம்' என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உதிரிகளை ஒரு சின்ன கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு தினமும் காலையில் கையிலிருந்து கழற்றிவைத்துச் சாவி கொடுங்கள். கட்டிக்கொண்டே கொடுத்தால் சாவித் திருகின் தண்டான ஸ்டெம் ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயும். கை கழுவும் முன்பும் கழற்றிவிடுங்கள். புது வாஷர் போட்டிருந்தாலும் இந்த வாட்சைத் தண்ணீருக்கு நம்ப முடியாது.